ஈரலில் நாடாப்புழுக் கட்டி: மாத்திரை யாருக்கு, எத்தனை நாள்?

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், 'ஈரலில் நீர்க்கட்டி இருக்கிறது, நாய் மூலமாக வந்திருக்கலாம்' என்று மருத்துவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஆடு, மாடு வளர்க்கும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இந்தியாவில் ஹைடாடிட் கட்டி அதிகம் பதிவாகும் மாநிலங்களாக மருத்துவக் கட்டுரைகள் குறிப்பிடுபவற்றில் ஆந்திரமும் தமிழ்நாடும் உண்டு. ஆனாலும் கிராமத்தில் இதைப் பற்றிய பேச்சு குறைவு. கட்டி வந்த பிறகு மருத்துவமனையில் பேசுகிறோம். அது வந்த வழியைப் பற்றிப் பட்டியில் பேசுவதில்லை.

இப்போது இதைப் பேச இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, இந்தக் கட்டிக்கு யாருக்கு மாத்திரை, யாருக்கு ஊசி, யாருக்கு அறுவை, யாருக்கு ஒன்றுமே வேண்டாம் என்பதை வரையறுக்கும் சிகிச்சை வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்டது. இரண்டாவது, தெரு நாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-இல் பிறப்பித்த உத்தரவு. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றுடன் குடற்புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. கடித்தலும் வெறிநோயும் தலைப்புச் செய்தியாயின. குடற்புழு நீக்கம் என்ற சொல் கவனம் பெறாமலே போனது. கால்நடை வளர்ப்போரைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

கட்டி எப்படி வருகிறது?

'எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ்' என்பது நாயின் சிறுகுடலில் வாழும் நாடாப்புழு. நாடாப்புழு என்றதும் முழ நீளத்துக்கு நினைக்க வேண்டாம். இதன் நீளம் சில மில்லிமீட்டர்தான். ஒரு நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் நன்றாக ஓடியாடிக் கொண்டிருக்கும், மெலியாது. ஆகவே நாயைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

நாயின் மலத்தில் இந்தப் புழுவின் முட்டைகள் வெளியேறி மேய்ச்சல் புல்லில், குட்டை நீரில், கீரைப் பாத்தியில், நாயின் ரோமத்தில் ஒட்டிக் கொள்கின்றன. ஈரமும் குளிர்ச்சியும் இருந்தால் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கடும் வெயிலும் வறட்சியும்தான் அவற்றைக் கொல்லும். சாதாரண கிருமிநாசினிக்கு அவை எளிதில் சாவதில்லை.

புல்லோடு முட்டையைத் தின்னும் ஆடு, மாடு, எருமை, பன்றி ஆகியவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் வளர்கின்றன. அந்தக் கால்நடையை அறுத்து, கட்டியுள்ள ஈரலையோ நுரையீரலையோ நாய்க்குப் போட்டால் கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகள் நாயின் குடலில் ஒட்டிக்கொண்டு புழுக்களாகின்றன. 6 முதல் 7 வாரங்களில் அந்த நாய் மீண்டும் முட்டை போடத் தொடங்கும். நாயும் கால்நடையும் இருந்தாலே இந்தச் சுற்று நிற்காமல் ஓடும்.

மனிதர் இந்தச் சுற்றில் தவறி விழுந்தவர். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சாப்பிடும்போதும், சரியாக அலசாத பச்சைக் காய்கறி, கீரை, மாசுபட்ட நீர் வழியாகவும் முட்டை வயிற்றுக்குள் போகிறது. சுமார் 70 சதவீதம் கட்டிகள் ஈரலிலும், 20 சதவீதம் நுரையீரலிலும் வருகின்றன.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே திருத்திக் கொள்ளுங்கள். கட்டி உள்ள ஆட்டின் ஈரலைச் சமைத்துச் சாப்பிட்டதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. கட்டி நாய்க்குப் போனால் நாயில் புழுவாகிறது. நாயிலிருந்து வரும் முட்டைதான் நமக்குக் கட்டியாகிறது. ஆகவே ஈரல் வறுவலைக் கண்டு பயப்பட வேண்டாம். கடைக்குப் பின்னால் எறியப்படும் ஈரலைத்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஓர் ஆறுதல். ஈரலில் நீர்க்கட்டி என்றாலே புழுக்கட்டி அல்ல. பிறவியிலேயே இருக்கும் சாதாரண நீர்க்கட்டிகள் பலருக்கு உண்டு, அவை தொல்லை தருவதில்லை. அமீபாவால் வரும் சீழ்க்கட்டி வேறு, அதற்கு மருந்தும் வேறு. எனவே யாரோ சொன்னார் என்று கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தின்பது முதல் தவறு.

புழுக்கட்டி மெதுவாக வளரும். சிறு வயதில் உள்ளே போன முட்டை, வளர்ந்து ஆளான பிறகு வலது விலாவுக்குக் கீழ் கனமாக, மந்தமான வலியாகத் தெரியலாம். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில்தான் வெளிப்படும். கட்டி பித்தக் குழாயில் உடைந்தால் காமாலை வரும். வயிற்றுக்குள் உடைந்தால் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம், புழுத்தலைகள் சிதறிப் புதிய கட்டிகளும் முளைக்கலாம். என்ன கட்டி என்று தெரியாமல் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்து இந்தக் கட்டிகளை வகை பிரித்துள்ளது. ஸ்கேன் அறிக்கையில் 'சிஇ' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். சிகிச்சை முழுவதும் அந்த எண்ணையும் கட்டியின் அளவையும் பொறுத்தே அமையும்.

சிஇ 1 என்பது உயிருள்ள, நீர் மட்டும் நிறைந்த ஒற்றை அறைக் கட்டி. சிஇ 2 என்பது உள்ளே குட்டிக் கட்டிகள் நிறைந்து தேன்கூடு போலத் தெரிவது. சிஇ 3ஏ என்பது உள்படலம் கழன்று நீரில் மிதப்பது. சிஇ 3பி என்பது கெட்டிப்பட்ட பகுதிக்கு நடுவே குட்டிக் கட்டிகள் மிச்சம் இருப்பது. சிஇ 4 என்பது உள்ளே முழுவதும் கெட்டியாகி நூல்கண்டு போல ஆனது. சிஇ 5 என்பது சுவர் சுண்ணாம்பாகி முட்டை ஓடு போலக் கடினமானது. கடைசி இரண்டும் அநேகமாக செயலற்றுப் போனவை.

யாருக்கு மாத்திரை?

இந்தக் கட்டிக்கான மருந்து அல்பென்டசோல். பெயர் உங்களுக்குப் பழக்கமானதுதான். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தேசிய குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குத் தரும் அதே 400 மில்லிகிராம் மாத்திரை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊற்றும் புழு மருந்திலும் இதே வேதிப்பொருள் உண்டு. குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது.

குடலில் இருக்கும் உருண்டைப் புழுவுக்கு ஒரு மாத்திரை போதும், மருந்து நேரடியாகப் புழுவின் மேல் படுகிறது. ஈரல் கட்டியில் அப்படியில்லை. மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, ஈரலில் மாற்றமடைந்து, ரத்தம் வழியாகக் கட்டியின் தடித்த சுவரைக் கடந்து, உள்படலத்தைச் சென்றடைய வேண்டும். அங்கே புழுவின் செல்கள் சர்க்கரையை எடுத்துக் கொள்ள விடாமல் மெல்ல மெல்லப் பட்டினி போட்டுக் கொல்ல வேண்டும். ஒரு நாளில் நடக்கிற வேலை அல்ல இது.

அதனால்தான் அளவு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. இரண்டு வேளையாகப் பிரித்துத் தரப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்குப் பெரும்பாலும் காலை ஒரு 400 மில்லிகிராம், இரவு ஒரு 400 மில்லிகிராம். காலம் 3 முதல் 6 மாதம். கணக்குப் போட்டால் 3 மாதத்துக்கு 180 மாத்திரை, 6 மாதத்துக்கு 360 மாத்திரை. 'பூச்சி மாத்திரை ஒன்று போட்டேன், சரியாகவில்லை' என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

முன்பு 28 நாள் மாத்திரை, 14 நாள் இடைவெளி என்று விட்டு விட்டுத் தரும் வழக்கம் இருந்தது. இப்போது நிபுணர்கள் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து தருவதையே பரிந்துரைக்கிறார்கள். பழைய சீட்டை வைத்துக்கொண்டு நீங்களாக இடைவெளி விடாதீர்கள்.

மாத்திரை மட்டுமே நன்றாக வேலை செய்வது 5 சென்டிமீட்டருக்குக் குறைவான சிஇ 1, சிஇ 3ஏ வகைக் கட்டிகளில்தான். 5 சென்டிமீட்டரைத் தாண்டிய இதே வகைகளுக்கு ஸ்கேன் பார்த்தபடியே ஊசி செலுத்தி நீரை எடுத்து, புழுக்கொல்லித் திரவம் செலுத்தி, மீண்டும் உறிஞ்சி எடுக்கும் முறை கைகொடுக்கும். 1980-களில் துனீசியாவில் உருவான இம்முறைக்கு 'பேர்' என்று பெயர். இதற்கு முன்பே அல்பென்டசோல் தொடங்கி, பிறகும் ஒரு மாதமாவது தொடர வேண்டும். ஊசி முனையில் சிதறக்கூடிய புழுத்தலைகளைக் கொல்லும் காவல் வேலை மாத்திரையுடையது. 10 சென்டிமீட்டரையும் தாண்டியவற்றுக்குக் குழாய் வைத்து வடிப்பதோ அறுவையோ தேவைப்படலாம். குட்டிக் கட்டிகள் நிறைந்த சிஇ 2, சிஇ 3பி வகைகளில் மாத்திரை மட்டும் போதாமல் போவது அதிகம். கட்டியின் அளவையும் இடத்தையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

சிஇ 4, சிஇ 5 வகைகளில் சிக்கல் எதுவும் இல்லையென்றால் மாத்திரையும் வேண்டாம், கத்தியும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தால் போதும். 'கட்டி இருக்கிறது என்கிறார்கள், மருந்தே தரவில்லையே' என்று கோபித்துக் கொண்டு வேறு இடம் ஓடி, வீணாக அறுவை செய்து கொள்பவர்களுக்கு இந்தச் செய்தி முக்கியம். செத்துப்போன கட்டியை எடுக்க உயிருள்ளவர் ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

மருந்து எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

இங்கே உண்மையைப் பேச வேண்டும். 6 சிகிச்சை மையங்களில் 711 நோயாளிகளின் 1,308 கட்டிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ஆராய்ந்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கிய ஒன்றிரண்டு ஆண்டுகளில் சிஇ 1 வகைக் கட்டிகளில் 50 முதல் 75 சதவீதம் செயலற்றுப் போயின அல்லது மறைந்தன. சிஇ 2, சிஇ 3 வகைகளில் இது 30 முதல் 55 சதவீதம் மட்டுமே. முதலில் பலன் தெரிந்தவற்றிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்று இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் உயிர் பெற்றது.

இந்த எண்களிலிருந்து ஒரு விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. சரியான வகைக் கட்டிக்கு மாத்திரை நல்ல பலன் தரும். எல்லாக் கட்டிக்கும் அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது. கட்டி அடங்கிவிட்டது என்று ஸ்கேனில் வந்தாலும் கண்காணிப்பை விடக் கூடாது. குறைந்தது 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது நிபுணர்களின் கருத்து. களை எடுத்த வயலை அப்படியே விட்டுவிட்டு அறுவடைக்குத்தான் வருவேன் என்று யாரும் இருப்பதில்லை. இதுவும் அப்படித்தான்.

மாத்திரை எடுக்கும்போது

சிலவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்தில் நோயாளியைச் சந்திக்கும் களப்பணியாளர்களும் இவற்றைச் சொல்லலாம்.

வெறும் வயிற்றில் எடுக்காதீர்கள். அல்பென்டசோல் தண்ணீரில் எளிதில் கரையாத மருந்து. கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு ஐந்து மடங்கு வரை கூடும். எண்ணெய் ஊற்றிய இட்லிப் பொடி, முட்டை, வேர்க்கடலை, பால் என்று வீட்டில் உள்ளதே போதும். கஞ்சி மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டால் பாதி மருந்து வீண்.

ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இந்த மருந்து சிலருக்கு ஈரல் நொதிகளை உயர்த்தும், வெள்ளை அணுக்களைக் குறைக்கும். தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும் ரத்தம் பார்க்கச் சொல்வார்கள். முடி கொட்டுவதும் உண்டு, மருந்தை நிறுத்திய பின் வளர்ந்துவிடும். காய்ச்சல், தொண்டைப் புண், கண் மஞ்சளாதல் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மாதங்களில் மது கூடவே கூடாது. வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சில வலிப்பு மருந்துகள் அல்பென்டசோலின் அளவைக் குறைத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. சிகிச்சை நடக்கும்போதும் முடிந்து ஒரு மாதம் வரையும் கருத்தரிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். சினை பிடித்த தொடக்க நாள்களில் செம்மறி ஆட்டுக்கு அல்பென்டசோல் ஊற்றக் கூடாது என்று கால்நடை மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார். கருவைப் பாதிக்கும் என்பதே இரண்டுக்கும் காரணம்.

உடையும் நிலையில் உள்ள, ஈரலின் மேற்பரப்பில் துருத்திக் கொண்டிருக்கும் கட்டிக்கு மாத்திரையை மட்டும் நம்புவது ஆபத்து. இதை ஸ்கேன் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஆட்டுக்கு வாங்கிய புழு மருந்தை மனிதர் குடிக்கவே கூடாது. பெயர் ஒன்றாக இருக்கலாம். அடர்த்தி, சேர்மானம், அளவு எல்லாம் வேறு. கண்காணிப்பில்லாமல் மாதக்கணக்கில் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

சிக்கல் எங்கே?

மருந்து விலை உயர்ந்ததல்ல. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளதுதான். ஆனாலும் சிகிச்சை பாதியில் நிற்கிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

நாற்பது வயது ஆடு மேய்ப்பவர் ஒருவருக்கு 4 சென்டிமீட்டர் சிஇ 1 கட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைக்கு மிகப் பொருத்தமானவர். அவருக்கு வலி இல்லை. வலி இல்லாத நோய்க்கு ஆறு மாதம் மாத்திரை போட வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க நகரத்துக்குப் போக வேண்டும். போகிற நாளில் பட்டியை யார் பார்ப்பது? கிடை போடும் காலமாக இருந்தால் அவர் வீட்டிலேயே இருக்க மாட்டார், மாவட்டம் மாவட்டமாக நகர்ந்து கொண்டிருப்பார். இரண்டாம் மாதம் மாத்திரை தீரும். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்பென்டசோல் இருக்கும், ஆனால் அது ஒற்றை மாத்திரையாகத் தரும் திட்டத்துக்காக வந்தது. மூன்றாம் மாதம் விட்டுவிடுவார். சில ஆண்டுகள் கழித்து 9 சென்டிமீட்டர் கட்டியோடு வருவார். மாத்திரையில் முடிய வேண்டியது ஊசிக்கும் கத்திக்கும் போகும்.

இதில் அவர் குற்றம் என்ன? நகர்ந்து கொண்டே இருப்பவரைத் தேடிச் செல்லும் ஏற்பாடு இல்லாததே குற்றம். தமிழ்நாட்டில் ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் நடக்கிறது. நீண்டகால அல்பென்டசோல் சிகிச்சையில் இருப்போரையும் அதே வரிசையில் சேர்ப்பதும், மாத ரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வதும் முடியாத காரியமல்ல. எண்ணிக்கை குறைவு, மருந்து மலிவு. தேவைப்படுவது ஒரு பெயர்ப்பட்டியலும் அதைப் பின்தொடர ஒருவரும்தான்.

நாய்க்கு ஒரு மாத்திரை

ஒருவரின் கட்டியைக் கரைக்க 360 மாத்திரை தேவைப்படலாம். அந்தக் கட்டி வராமல் தடுக்க நாய்க்கு வேண்டியது ஒரு வேளை மருந்து. ஆனால் எந்த மருந்து என்பதில்தான் தவறு நடக்கிறது.

நாயின் இந்த நாடாப்புழுவை அகற்ற வேண்டிய மருந்து பிரசிகுவாண்டெல். அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம். ஆட்டுக்கு வாங்கிய அல்பென்டசோலில் மீதியை நாய்க்கு ஊற்றுவதாலோ, உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியாலோ இந்தப் புழு போகாது. நாய்க்குப் புழு மருந்து வாங்கும்போது அட்டையில் பிரசிகுவாண்டெல் என்று இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒருமுறை கொடுத்தால் போதாது. அடுத்த நாளே நாய் மீண்டும் கட்டியுள்ள ஈரலைத் தின்றால் 6, 7 வாரத்தில் மீண்டும் முட்டை போடும். ஆகவே ஆண்டுக்கு நான்கு முறையாவது கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பிடிக்கப்படும் நாய்க்குக் கருத்தடையின்போது ஒருமுறை புழு மருந்து கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதே தெருவில் விடப்பட்ட நாய் மறுவாரமே இறைச்சிக் கழிவைத் தின்றால், அந்த மருந்தின் பலன் ஒரு பருவத்தைக் கூடத் தாண்டாது. கருத்தடை ஒருமுறை செய்தால் போதும். புழு நீக்கத்தை அப்படிக் கணக்கிட முடியாது. உள்ளாட்சி அமைப்புகள் இந்த வேறுபாட்டைப் புரிந்து திட்டமிட வேண்டும்.

இன்னொன்று. பிரசிகுவாண்டெல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மருந்து கொடுத்த பிறகு இரண்டு நாள் நாயைக் கட்டி வைத்து, மலத்தை வெறும் கையால் தொடாமல் அள்ளி எரிக்கவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். அந்த நாள்களில் பிள்ளைகளை நாயருகே விடாதீர்கள்.

இதில் உங்கள் வருமானக் கணக்கும் உண்டு. கட்டி விழுந்த ஈரல் கழிக்கப்படுகிறது, கால்நடையின் எடையும் பாலும் குறைகின்றன. இந்நோயால் இந்தியாவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,147 கோடி ரூபாய் இழப்பு என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி மாடு, எருமை வளர்ப்பில் ஏற்படும் இழப்பு. மேலும், குட்டி ஆடுகள் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே இடத்தில் வட்டமடித்துச் சாவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் நாயின் இன்னொரு நாடாப்புழு, மூளையில் கட்டியாக வளர்வது. நாய்க்குக் கொடுக்கும் அதே பிரசிகுவாண்டெல் அந்தப் புழுவையும் அகற்றும்.

கழிவை நாய்க்கு எறியாதீர்கள்

மருந்தை விடவும் மலிவான தடுப்பு, கட்டியுள்ள ஈரலும் நுரையீரலும் நாயின் வாய்க்குப் போகாமல் பார்ப்பது. கோயில் கிடா வெட்டு, வீட்டு விசேஷம், ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடை, வயலில் செத்த ஆடு என்று நான்கு இடங்களில் இது நடக்கிறது. நீர்க்கட்டி தெரிந்த உறுப்பை எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்கு ஈரல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக்கி முக்கால் மணி நேரமாவது நன்கு கொதிக்க வைத்துக் கொடுங்கள். செத்த ஆட்டை ஓடையில் வீசினால், ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும் நீங்களே புழு ஊட்டுவதாகும்.

இது நடக்கக்கூடியதா என்றால், நடத்திக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இந்நோய் மிகுந்திருந்த ஐஸ்லாந்து, நாய்க் கட்டுப்பாட்டாலும் மக்கள் கல்வியாலும் அதை ஒழித்தது. செம்மறி ஆட்டு நாடான நியூசிலாந்து 2002-இல் இந்நோயிலிருந்து தற்காலிகமாக விடுபட்டதாக அறிவித்தது. நம்மைப் போன்ற சூழலுக்கு நெருக்கமான பாடம் அர்ஜென்டினாவின் ரியோ நீக்ரோ மாகாணத்தில் இருக்கிறது. அங்கே 1980 முதல் மேய்ப்பர்களின் நாய்களுக்குப் பிரசிகுவாண்டெல் கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுத்து, கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்து, தேவையானவர்களுக்கு அல்பென்டசோல் தந்தார்கள். 2009 முதல் ஆட்டுக்குட்டிகளுக்கு 'ஈஜி 95' தடுப்பூசியும் போடத் தொடங்கினார்கள். மருத்துவத் துறையும் கால்நடைத் துறையும் ஒரே குடும்பத்தின் வாசலுக்குச் சேர்ந்து போனதே அந்தத் திட்டத்தின் பலம்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

மருத்துவமனையில் ஒருவருக்கு ஹைடாடிட் கட்டி உறுதியானால், அந்தத் தகவல் அவர் ஊரின் கால்நடை மருந்தகத்துக்கும் போக வேண்டும். நோயாளியின் விவரத்தை ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. 'இந்த ஊரில் நாய்களுக்குப் புழு நீக்கம் வேண்டும்' என்ற ஒரு வரி போதும்.

கால்நடை உதவி மருத்துவர்களும் ஆய்வாளர்களும் வெறிநோய்த் தடுப்பூசி முகாமில் பிரசிகுவாண்டெலையும் சேர்க்கலாம். ஆட்டுக்குப் புழு மருந்து ஊற்றும் நாளிலேயே பட்டி நாய்க்கும் கொடுக்கலாம். ஊராட்சிகள் இறைச்சிக் கடைக்கருகே மூடியுள்ள கழிவுக்குழி அமைக்கலாம், கிடா வெட்டு நடக்கும் திருவிழா நாள்களில் கழிவு அகற்றத் தனி ஏற்பாடு செய்யலாம். களப்பணியாளர்கள் ஆடு வளர்ப்போர் கூட்டங்களில் இதைப் பத்து நிமிடம் பேசலாம்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியவை எளியவை. நாயைத் தொட்ட பின், மண் வேலைக்குப் பின், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கீரையையும் பச்சையாகத் தின்னும் காய்கறிகளையும் ஓடும் நீரில் பலமுறை அலசுங்கள். குடிநீரைக் கொதிக்க வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு இந்தக் கட்டி இருந்தால் மற்றவர்களும் ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. நோயாளியிடமிருந்து அவர்களுக்கு ஒட்டாது. ஆனால் ஒரே நாய், ஒரே முற்றம், ஒரே தண்ணீர்.

ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்கள் மூன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கட்டியின் வகை எண், அளவு, மாத்திரை தொடங்கிய தேதி. எந்த ஊரில் கிடை போட்டிருந்தாலும் அந்தச் சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். புதிய மருத்துவர் அதைப் பார்த்தால் சிகிச்சையை விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். அடுத்த முறை ஆட்டுக்கு மருந்து வாங்கக் கால்நடை மருந்தகம் போகும்போது, நாய்க்கும் ஒரு மாத்திரை கேட்டு வாங்கி வாருங்கள்.